வார்டுக்குப் போகும் முன் நாங்கள் படிக்கும் பக்கங்கள்

நர்சிங் கல்லூரியில் முதியோர் நலப் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்களுக்கு வயது 19, 20. வயதானால் உடம்பில் என்னென்ன மாறும் என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தசை மெலியும், எலும்பின் அடர்த்தி குறையும், கண்ணில் புரை விழும், காது மந்தமாகும், தாகம் சரியாகத் தெரியாது, சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். எல்லாம் சரியான பதில்கள். ஆனால் 78 வயது அம்மா ஒருவரின் கட்டில் அருகே போய் நின்றதும் அவர்கள் கண்ணுக்குப் படுவது அந்தப் பட்டியல் மட்டும்தான். இந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. 20 வயதில் முதுமை என்பது வேறு யாருக்கோ நடப்பது. பாடப்புத்தகமும் அதை வெளியிலிருந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறது.

உள்ளே இருந்து பேசும் குரல் வேண்டும் என்று தோன்றித்தான் வகுப்பில் கவிதையும் கதையும் படிக்க ஆரம்பித்தோம். பல ஆண்டுகள் செய்து பார்த்ததில் எது பலன் தருகிறது, எது வீண் வேலை என்று ஓரளவு தெரிந்திருக்கிறது. நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் என்று எதைக் கற்பிப்பவருக்கும் உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை ஓரமாக ஒதுக்கிவைக்கும் காலம் போய்விட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கே 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். நாட்டின் சராசரி அப்போது 8.6 சதவீதம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியில் முதியோருக்கென்று தனிப் பிரிவு வந்தது. நாட்டுக்கே அது முன்னோடி. ஆனாலும் எங்கள் ஊர் போன்ற இடங்களில் பெரியவர்கள் பொது வார்டில், எல்லா வயது நோயாளிகளுக்கும் நடுவில்தான் படுத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போவது இந்த 20 வயதுப் பிள்ளைகள்.

முதல் வகுப்புக்கு நான் எடுத்துப்போவது புறநானூற்றின் 243ஆம் பாட்டு. 14 வரிதான். முதல் வரியின் தொடக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். ‘இனி நினைந்து இரக்கம் ஆகின்று’ என்று படித்துவிட்டால் பேசுபவர் பழையதை நினைத்து வருந்துகிறார் என்பது தெரிந்துபோகும். அதனால் ‘திணிமணல்’ என்ற இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி விளையாடும் பெண்கள், அவர்களோடு கைகோத்து நீராடும் பையன், ஒளிவுமறைவு தெரியாத கூட்டாளிகள், ஆற்றுத் துறையில் தாழ்ந்து கிடக்கும் மருத மரக்கிளை. அதில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க, தண்ணீர் சிதற, ஆழமான மடுவில் ‘துடுமென’ப் பாய்ந்து, அடியில் போய் மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். அந்த இடத்தில் நிறுத்தி, ‘பேசுகிறவருக்கு என்ன வயது இருக்கும்?’ என்று கேட்பேன். 14, 15, 16 என்பார்கள். தாமிரபரணியில் குதித்த தம்பியை, அண்ணனை யாராவது இழுத்துக்கொண்டு வருவார்கள். வகுப்பு கலகலப்பாகிவிடும்.

அப்புறம் மீதியைப் படிப்பேன்.

‘அளிதோ தானே யாண்டுண்டு கொல்லோ
தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று
இருமிடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே’

பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, உடம்பு நடுங்க, இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் சில சொற்களை மட்டும் சொல்ல முடிகிற கிழவர் ஒருவர்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் புலவரின் சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வைத்துவிட்டார்கள்.

இதற்கு மேல் நான் விளக்கம் சொல்வதில்லை. ஒரு வேலை கொடுப்பேன். இந்தப் பெரியவர் இன்று ஓ.பி.க்கு வந்தால் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவீர்கள், எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள்: முதியவர், ஆண், நடுக்கம் உண்டு, இருமல் உண்டு, மூச்சிரைப்பு இருக்கலாம், தடியூன்றி நடக்கிறார். நன்றாகக் கவனிக்கும் மாணவி ஒருத்தி, ‘ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை’ என்றும் சேர்ப்பாள். அது முக்கியமான கவனிப்பு. மூச்சுத்திணறலோடு வருபவர் முழு வாக்கியமாகப் பேசுகிறாரா, அரைகுறைத் தொடராகவா, ஒற்றைச் சொல்லாகவா என்பதை வைத்தே நிலைமை எவ்வளவு தீவிரம் என்று எடைபோடச் சொல்லிக்கொடுக்கிறோம். ‘இருமிடை மிடைந்த சிலசொல்’ என்ற வரி அவர்களுக்கு மறப்பதில்லை. பின்னாளில் நுரையீரல் நோய்ப் பாடத்தில் இதைச் சொன்னதுமே புரிந்துகொள்கிறார்கள்.

பிறகு கேஸ் ஷீட்டையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். 14 வரியில் கடைசி மூன்று வரிதான் கேஸ் ஷீட்டுக்குள் வந்திருக்கிறது. ஆழத்துக்குப் போய் மணல் எடுத்து வந்தவன் எங்கேயும் இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ள அந்தப் பத்து வரி உங்களுக்குத் தேவையா, தேவையில்லையா என்பதுதான் அன்றைய விவாதம். தேவையில்லை என்று சொல்கிற மாணவர்களும் உண்டு. அவர்களை நான் மடக்குவதில்லை. வார்டுக்குப் போய்விட்டு வந்து பேசலாம் என்பேன்.

இந்தப் பத்து வரியால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வார்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த பெரியவர் ஒருவர் வாக்கரைத் தொடவே மாட்டேன் என்றார். ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று குறிப்பில் எழுதியிருந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட மாணவி, ‘தாத்தா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?’ என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பனையேறி. வாழ்நாள் முழுக்கக் காலில் தளைநார் மாட்டி மரமேறியவர். பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டிபோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதுவும் பார்வையாளர் நேரத்தில், ஊர்க்காரர்கள் பார்க்க நடப்பது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்திருக்கிறது. மாணவி பிசியோதெரபிஸ்டிடம் பேசிப் பயிற்சியைக் கூட்டமில்லாத அதிகாலைக்கு மாற்றினாள். முதலில் கட்டில் கம்பியைப் பிடித்து நிற்பது, அப்புறம் சுவரோரம், பிறகு வாக்கர். உடனே எழுந்து ஓடிவிடவில்லை, முனகிக்கொண்டேதான் செய்தார். ஆனால் செய்தார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். எழுந்து நிற்பதுதான் அவருக்கு மருந்து. அந்த மருந்தை உள்ளே செலுத்த உதவியது ஒரே ஒரு கேள்வி.

இரண்டாவது வகுப்புக்கு நாலடியார். ‘இளமை நிலையாமை’ அதிகாரத்தில் இப்படி ஒரு பாட்டு ஆரம்பிக்கும்: ‘தாழாத் தளராத் தலைநடுங்காத் தண்டூன்றா வீழா இறக்கும்’. உடம்பு வளைந்து, தளர்ந்து, தலை நடுங்கி, தடியூன்றி, விழுந்து, இறந்துபோகும். வயதானவர்கள் நலிந்துகொண்டே போகும் வரிசையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை. விழுவதற்கும் இறப்பதற்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை, பாருங்கள். முதியவர் ஒருவர் கீழே விழுந்துவிட்டார் என்றால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது என்று நாங்கள் கத்திக்கத்திச் சொல்வது இதைத்தான்.

இந்தப் பாட்டோடு சேர்த்து ஒரு பரிசோதனையும் கற்றுக்கொடுக்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. வழக்கமாகப் பயன்படுத்தும் தடியோடேயே செய்யலாம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிக்க வேண்டும். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிகிறதா (மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும்), தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, ராத்திரியில் எத்தனை தடவை பாத்ரூம் போகிறார், வீட்டில் வாசற்படி எவ்வளவு உயரம், செருப்பு தேய்ந்திருக்கிறதா. அதே அதிகாரத்தில் இன்னொரு பாட்டு ‘கோல்ஊன்றி இன்னாங்கு எழுந்திருப்பார்’ என்று முடிகிறது. தடியை ஊன்றித் துன்பப்பட்டு எழுந்திருப்பதை மாணவர்கள் விநாடிக் கணக்கோடு பார்க்கும்போது, அந்த எழுந்திருத்தலில் இருக்கும் துன்பத்தையும் பார்க்கிறார்கள்.

நாலடியாரை அப்படியே விழுங்கக் கொடுக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது துறவை வலியுறுத்தும் நூல். முதுமையைக் காட்டிப் பயமுறுத்துவது அதன் நோக்கத்தில் ஒன்று. நான் சொன்ன முதல் பாட்டே கிழவி ஒருத்தியைப் பார்த்து, ‘இவளையா ஆசைப்பட்டீர்கள்?’ என்று கேட்கும் பாட்டுதான். ஆனால் அதே பாட்டின் கடைசியில், இவள் கையிலிருக்கும் கோல் முன்பு இவள் அம்மாவின் கையில் இருந்தது என்று வருகிறது. அங்கே மாணவிகள் நின்றுவிடுகிறார்கள். ஒருத்தி, ‘இதே தடி அடுத்து யாருக்கு?’ என்று கேட்டாள். புறநானூற்றுக் கிழவரை உள்ளிருந்தும் நாலடியார்க் கிழவியை வெளியிலிருந்தும் பார்க்கிறோம் என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாம் வார்டில் எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்ற பேச்சு அங்கிருந்து தானாக வரும்.

தடியைப் பற்றிப் படித்த பிறகு வார்டில் தடிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவரச் சொன்னேன். பெரும்பாலானவை கட்டிலுக்கு அடியில், அல்லது கைக்கு எட்டாத சுவர் மூலையில். பெருக்குவதற்கு இடைஞ்சல் என்று யாரோ தள்ளிவைத்திருப்பார்கள். கண்ணாடி மஞ்சப்பைக்குள் இருக்கும், பல்செட் டம்ளருக்குள், காது மிஷின் வீட்டில். இப்போது எங்கள் மாணவர்கள் டியூட்டிக்குப் போனதும் முதலில் செய்வது இந்த நான்கையும் தேடி எடுத்து உரியவர் கைக்கு எட்டும்படி வைப்பது. இதற்குச் செலவே கிடையாது. கண்ணாடியும் காது மிஷினும் இருந்தாலே ராத்திரிக் குழப்பம் எத்தனையோ பேருக்குக் குறைகிறது.

பிசிராந்தையாரின் பாட்டை (புறம் 191) வேறு காரணத்துக்காக எடுக்கிறேன். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரை இல்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லும் பதிலில் மருந்தோ உணவோ இல்லை. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தன் எண்ணத்தைப் புரிந்துகொண்ட ஏவலர், தீங்கு செய்யாமல் காக்கும் அரசன், ஊரில் சான்றோர் பலர். சமூக வரலாறு என்ற தலைப்பின் கீழ் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய படிவம் கிடைக்காது. வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே, உதவிக்கு ஆள் உண்டா, அரசிடமிருந்து என்ன கிடைக்கிறது, அக்கம்பக்கம் எப்படி. நாலாவது கேள்விக்கு மாணவர்கள் தகவலும் கையில் வைத்திருக்க வேண்டும்: மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, 2021இல் ஆரம்பித்து வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம், முதியோர் உதவி எண் 14567. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் நிற்பது பெரியவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமானது. முதியோரைப் பற்றி மாணவர்களுக்கு இரண்டு படங்கள்தான் தெரியும். ஒன்று பாவப்பட்ட பாட்டி, இன்னொன்று ஞானம் சொல்லும் தாத்தா. இரண்டுமே வார்டில் உதவாது. எரிந்து விழுகிற, பொறாமைப்படுகிற, மருமகளைத் திட்டுகிற, பொய் சொல்கிற பெரியவரிடம் அவர்கள் உடைந்துபோகிறார்கள். அதனால் தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையை ஒரு முழு வகுப்புக்கு வைத்துக்கொள்கிறேன். சாமநாது என்ற கிழவர். மனைவி இறந்துவிட்டாள், மகள் விதவையாகி வீட்டில் இருக்கிறாள். அண்ணன் மகன் சுப்பராயன் ஓகோவென்று வாழ்கிறான். அவன் வீட்டுக் கல்யாணத்தில், விருந்துக்குக் காய்ச்சிய பாயசத்தை யாரும் பார்க்காதபோது கவிழ்த்துவிடுகிறார். அதற்கு ஒரு பொய்க் காரணமும் சொல்கிறார்.

படித்து முடித்ததும் வகுப்பு பெரும்பாலும் கோபமாக இருக்கும். ‘எத்தனை பேர் சாப்பிட வேண்டிய பாயசம், மேம்!’ கோபம் நல்லதுதான். அது அடங்கும்வரை விட்டுவிட்டு, இவர் உங்கள் வார்டில் ஐந்தாம் கட்டிலில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். கதைக்குள் அவர் இறந்த மனைவியோடு மனதுக்குள் பேசிக்கொண்டே இருப்பதை யாராவது கவனித்துச் சொல்வார்கள். மகளின் நிலையை அவர் எப்படிச் சுமக்கிறார் என்பதை இன்னொருவர் சொல்வார். அவர் செய்தது சரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நானும் சொல்வதில்லை. பிடிக்காத ஒரு மனிதரைப் பற்றி முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேச முடிந்தது என்பதே போதும். முதியோரிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும், உடம்பு வலியாகவும், சாப்பாட்டைத் தள்ளிவிடுவதாகவும் வரலாம் என்ற பாடத்தை அதற்கு அடுத்த நாள் எடுக்கிறேன். அப்போது அது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

மறதி நோய்க்கு நான் எடுப்பது கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவின் ‘மலையைத் தாண்டி வந்த கரடி’. 1999இல் நியூயார்க்கர் இதழில் வந்தது. நீளமான கதை, ஆங்கிலம் வேறு. அதனால் தமிழில் வாயால் சொல்லிவிட்டு, சில இடங்களை மட்டும் மொழிபெயர்த்துப் படித்துக்காட்டுவேன். ஃபியோனாவுக்கு மறதி நோய். கணவர் கிராண்ட் அவளை ஒரு காப்பகத்தில் சேர்க்கிறார். முதல் 30 நாள் பார்க்க வரக்கூடாது என்பது அங்கே விதி. அது முடிந்து அவர் போகும்போது அவள் ஆப்ரி என்ற இன்னொரு நோயாளியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கணவரிடம், யாரோ விருந்தாளியிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசுகிறாள். பின்னால் ஆப்ரியை அவன் மனைவி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட, ஃபியோனா தளர்ந்துபோகிறாள். அவனைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டு ஆப்ரியின் வீட்டுக்கே போகிறார் கிராண்ட்.

இந்தக் கதையில் நம் மாணவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது, வீட்டில் வைத்துப் பார்க்காமல் எப்படிக் கொண்டுபோய் விடலாம் என்பதை. ஒருமுறை இது பெரிய வாக்குவாதமாகப் போனது. அப்போது அதுவரை பேசாமல் இருந்த மாணவி எழுந்து, ‘வீட்டில வச்சுப் பார்க்கணும்னு எல்லாரும் சொல்றீங்க. யாரு பார்ப்பா? எங்க ஆச்சியை எங்க அம்மாதான் பார்க்கிறாங்க. அவங்க ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கினதில்ல’ என்றாள். அதற்குப் பிறகு நான் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மறதி நோயாளியின் வீட்டுக்குப் போனால் நோயாளியைப் பார்த்து முடித்ததும் கூட இருப்பவரைத் தனியாக உட்கார வைத்து, நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்குகிறீர்களா, மாற்றிவிட ஆள் உண்டா என்று கேட்பது எங்கள் வீட்டுப் பார்வைப் படிவத்தில் அந்த வகுப்பிலிருந்துதான் சேர்ந்தது. இன்னொரு விஷயமும் இந்தக் கதையால் புரியவைக்க முடிகிறது. அடையாளம் தெரியாதவரிடம், ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று பரீட்சை வைப்பது எவ்வளவு கொடுமை என்பது. நம் வீடுகளில் பாசத்தோடுதான் இதைச் செய்கிறோம். வந்தவர் தன் பெயரையும் உறவையும் தானே சொல்லிவிட்டால் போதும்.

கதையால் முடியாததும் உண்டு. திடீர்க் குழப்பத்தை எந்தக் கதையும் சரியாகக் கற்றுத்தராது. அதை நேரடியாகத்தான் எடுக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால் அது மறதி நோய் இல்லை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று, உப்புச்சத்து குறைந்தது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, சிறுநீர் அடைப்பு, கடும் மலச்சிக்கல், தாங்காத வலி. முதியவருக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரலாம். சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவரை, ‘நல்லாத் தூங்குறாங்க’ என்று விட்டுவிடுவோம். ஆபத்து அங்கேதான் அதிகம். மறதி நோய்க் கதையைப் படித்த வாரத்திலேயே இதையும் எடுத்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் குழம்பிப் பேசுகிற எல்லோரையும் மாணவர்கள் ஃபியோனாவாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

படிப்பதோடு எழுதவும் வைக்கிறேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ரீட்டா ஷரோன் தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி இது. நோயாளியைப் பற்றி கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லாததை, ஆனால் எங்காவது எழுதியே ஆக வேண்டியதை, தனியாக ஓர் ஏட்டில் எழுதுவது. நான் இதைக் கொஞ்சம் மாற்றி, ஒரு பக்கம் மட்டும், நோயாளியின் குரலிலேயே எழுதச் சொல்கிறேன். ‘நான்’ என்று ஆரம்பிக்க வேண்டும்.

அப்படி எழுத உட்கார்ந்த மாணவி ஒருத்தி எழுத முடியாமல் வார்டுக்குத் திரும்பிப் போனாள். தண்ணீர் குடிக்க மறுக்கிற ஆச்சி ஒருவர் அவள் பொறுப்பில் இருந்தார். எவ்வளவு சொன்னாலும் ஒரு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. நாக்கு வறண்டு, சிறுநீர் மஞ்சளாகக் குறைந்துகொண்டே வந்தது. ‘நான் தண்ணீர் குடிக்க மாட்டேன்’ என்று முதல் வரியை எழுதியதும், ஏன் குடிக்க மாட்டேன் என்று இவளுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டிருக்கிறாள். கழிப்பறை வார்டின் அந்தக் கடைசியில். பெட்பேன் கேட்டால் சிடுசிடுக்கிறார்கள், திரை இல்லாமல் ஆம்பளைகள் நடமாடும் இடத்தில் வைக்கிறார்கள். குடித்தால்தானே போக வேண்டும், குடிக்காமலே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்திருக்கிறார் ஆச்சி. அவருடைய கட்டிலைக் கழிப்பறைப் பக்கம் மாற்ற முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்கும் முன்பே, ‘வாங்க ஆச்சி, போயிட்டு வரலாம்’ என்று கூட்டிப்போனார்கள். தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். டிரிப்ஸ் போட்டுச் சரிசெய்திருக்கலாம்தான். மறுநாள் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றிருப்போம்.

இந்த ஏடுகளுக்குச் சில விதிகளை நாங்கள் கறாராக வைத்திருக்கிறோம். நோயாளியின் பெயர், ஊர், கட்டில் எண் எதுவும் வரக்கூடாது. போனில் படம் எடுக்கக்கூடாது, வாட்ஸப்பில் போடக்கூடாது. வகுப்பில் படிப்பது விருப்பம் இருந்தால் மட்டும். முக்கியமாக, மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் போட்ட உடனே எல்லோரும் கண்ணீர் வரவழைக்கும் மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவார்கள், உள்ளதை எழுத மாட்டார்கள். ‘எனக்கு இந்தத் தாத்தாவைப் பிடிக்கவில்லை’ என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். நான் பார்த்த பக்கங்களில் மிக நேர்மையானது அது. அவனோடு அரை மணி நேரம் பேசினேன்.

துக்கத்தைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அண்மையில் தாத்தாவையோ பாட்டியையோ இழந்த பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். என்ன படிக்கப்போகிறோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டு, வர வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் நூலகத்துக்குப் போகலாம் என்று விட்டுவிடுகிறேன். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைக் கைவிடும் கதைகளை எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அது சிலர் வீட்டில் நடந்துகொண்டிருக்கும். அந்த வகுப்பின் முடிவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை வைத்து எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்க அதன் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். உடம்பில் காரணம் தெரியாத காயம், அழுக்கு, பசி, மகன் முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பது இவற்றைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதே நாளில்.

‘வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி தெரியுமா மேம், கதை கேட்க நேரம் ஏது?’ என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையைக் கவிதையால் தீர்க்க முடியாது, அதைத் தீர்க்க வேண்டியவர்கள் வேறு. ஆனால் பனையேறித் தாத்தாவிடம் கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மருந்து கொடுக்கும்போதோ, பிரஷர் பார்க்கும்போதோ கை ஒரு வேலையைச் செய்ய, வாய் இதைக் கேட்கலாம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பதும் அப்படித்தான். எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று அழைப்பது பாசம்தான் என்றாலும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ‘என்னை சார்னு கூப்பிடும்மா’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மாத்திரையை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் நாவலில் கை வைக்க வேண்டாம். 50 நிமிட வகுப்பில் உரக்கப் படித்து முடிக்கக் கூடியது போதும், மிச்சமுள்ள நேரம் பேச்சுக்கு. நீங்களே படிக்காமல் மாணவர்களை மாற்றி மாற்றிப் படிக்க வைத்தால் தூங்க மாட்டார்கள். படித்த வாரத்துக்குள் வார்டு டியூட்டி வருகிற மாதிரி அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இடைவெளி விழுந்தால் பாதி கரைந்துவிடும். தமிழாசிரியர் கிடைத்தால் சங்கப் பாட்டு நாளன்று வரச் சொல்லுங்கள், எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். காசும் தேவையில்லை. புறநானூறும் நாலடியாரும் மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒரு தாளில் அச்செடுத்தால் வகுப்புக்கே போதும்.